வகுப்பும் நிபந்தனையும்: வழங்கிகளை ஆளும் குறிமுறையில் பிழை காணல்



இவ்வரிசைப் பொழிவுகளில் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமும் பேசப்பெறுகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்டது கணினி வழங்கிகளைப் பற்றியது. அதிலும், அவற்றை ஆளும் குறிமுறையில் பிழை எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதைப் பற்றியது. தலைப்பைக் கேட்டவுடன் அவையினர் சிலர் எழுந்துவிடுவார்களோ என்று அமைப்பாளர் அஞ்சினார். எனக்கு அந்த அச்சம் இல்லை. 'இருந்தால்', 'இல்லையேல்' என்னும் சொற்களைப் பொருளறிந்து ஆள்பவர்களுக்கு இவ்வுரையின் பெரும்பகுதி முன்பே தெரிந்ததுதான்.

முதலில் ஓர் இழப்பைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் வழங்கிகளை நான் பராமரித்து வந்தேன். செர்வர் என்று அலுவலகங்களில் நாம் வழங்குவதைத்தான் இங்கே வழங்கி என்கிறேன். அவ்வமைப்பு தோட்டப்புற முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து சேமித்து வந்தது. பால்மரம் சீவியவர்கள், ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், கோயில் திருவிழாவில் பறை அடித்தவர்கள் ஆகியோரின் குரல்கள் அவை. ஒருநாள் காலை, புதிதாக அமைத்த வழங்கி ஒன்றின் வட்டு பழுதாயிற்று. அதனால் நான் பதறவில்லை. ஒவ்வோர் இரவும் 2 மணிக்கு எல்லா வழங்கிகளிலிருந்தும் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு எங்களிடம் இருந்தது. காப்புநகல் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வழங்கியின் பெயரிலே ஒன்றுமே இல்லை. ஒரு நாளின் நகல்கூட இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன், கருவியைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும்.

ஒரு வழங்கியை ஒருவர் கையால் அமைக்கலாம். இருபத்தாறு வழங்கிகளைக் கையால் அமைத்தால் அவை இருபத்தாறு விதமாகத்தான் இருக்கும். இத்தொல்லைக்கு விடையாக 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் என்பவர் சி.எஃப்.எஞ்சின் என்னும் கருவியை உருவாக்கினார். "இந்த வழங்கி எவ்வாறு இருக்க வேண்டும்" என்று எழுதி வைத்தால், கருவியே அதை அந்நிலைக்குக் கொண்டுவரும் என்பது அதன் கருத்து. அவ்வழியில் 2005இல் லூக் கேனிஸ் தொடங்கியது பப்பெட். பின்னர் ஷெஃப், சால்ட், ஆன்சிபிள் எனப் பல வந்தன. நான் பழகியது பப்பெட் என்பதால் அதைக் கொண்டே பேசுகிறேன். பப்பெட் என்றால் பாவை. கயிற்றைப் பிடிப்பவர் ஓரிடம், ஆடும் பாவை வேறிடம் என்னும் அளவில் பெயர் பொருத்தமானதே.

அது இயங்கும் முறையை ஒரு திருமணச் சமையலோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். தலைமைச் சமையற்காரர் தம் வீட்டில் இருக்கிறார். மண்டபத்தில் அவருடைய உதவியாளர் இருக்கிறார். உதவியாளர் முதலில் மண்டபத்தின் நிலைமையைத் தெரிவிக்கிறார்: அடுப்பு எத்தனை, தண்ணீர் உண்டா, விருந்தினர் எத்தனை பேர். தலைமைச் சமையற்காரர் அவற்றைக் கேட்டுத் தம் குறிப்பேட்டைப் புரட்டி, "ஐந்நூறு பேருக்கு மேல் என்றால் பெரிய அண்டா, இல்லையேல் சிறியது" என்றெல்லாம் தம் மனத்திலே தீர்த்துக்கொண்டு, ஒரு பட்டியலை எழுதி அனுப்புகிறார். அப்பட்டியலில் 'என்றால்' இல்லை, 'இல்லையேல்' இல்லை. "பெரிய அண்டா வை" என்று மட்டுமே இருக்கும். உதவியாளர் பட்டியலில் உள்ளதைச் செய்கிறார்.

பப்பெட்டிலும் இதேதான். ஒவ்வொரு வழங்கியிலும் இருக்கும் முகவர் நிரல், ஃபேக்டர் என்னும் துணைநிரலின் வழியே தன் நிலைமைத் தகவல்களைத் திரட்டித் தலைமை வழங்கிக்கு அனுப்புகிறது. தலைமை வழங்கி, நாம் எழுதிய குறிமுறையை அத்தகவல்களோடு பொருத்திப் படித்து, கேட்டலாக் என்னும் பட்டியலைத் தொகுத்து அனுப்புகிறது. முகவர் அதை நிறைவேற்றுகிறது. நாம் வேறு வகையாகச் சொல்லாதவரை, இச்சுற்று 30 நிமிடங்களுக்கு ஒருமுறை நடைபெறும். பிழை தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: பிழை தகவலில் நேர்ந்ததா, தொகுப்பில் நேர்ந்ததா, நிறைவேற்றத்தில் நேர்ந்ததா? இம்மூன்றையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்களுள் நானும் ஒருவன்.

இனி வகுப்புக்கு வருவோம். கிளாஸ் என்பதைத் தமிழில் வகுப்பு என்கிறோம். கணினித் தமிழில் இச்சொல் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்றச் சொல்லி நான் இங்கே வாதாடப் போவதில்லை. ஆயினும் இச்சொல் இருவகையில் வழி தவறச் செய்கிறது. பள்ளிக்கூடத்து வகுப்பை நினைப்பவர், அதில் பலர் அமர்ந்திருப்பதாக எண்ணுகிறார். ஜாவா முதலிய மொழிகளைக் கற்றவர், ஒரு வகுப்பிலிருந்து பல பொருள்களை வார்த்தெடுக்கலாம் என்று எண்ணுகிறார். பப்பெட்டின் வகுப்பு இரண்டுமன்று. சேர்ந்து செய்ய வேண்டிய சில வேலைகளுக்கு இட்ட ஒரு பெயர் அது, அவ்வளவே. ஒரு வழங்கியின் பட்டியலில் ஒரு வகுப்பு ஒரே ஒருமுறைதான் இடம்பெறும். ஒன்றையே பல இடங்களில் பலவாறாக வேண்டுவோர்க்கு, வரையறுத்த வகை என்னும் வேறொரு கட்டுமானம் உண்டு. வகுப்பைக் கொண்டு அதைச் செய்ய முயன்று தோற்றவர்கள் பலர்.

அடுத்த தடுமாற்றம் வரையறைக்கும் அறிவிப்புக்கும் உள்ள வேறுபாடு. ஒரு வகுப்பை எழுதி வைப்பது வரையறை. "இந்த வழங்கிக்கு அவ்வகுப்பு வேண்டும்" என்று சொல்வது அறிவிப்பு. அகராதியில் 'வா' என்னும் சொல் இருப்பதால் எவரும் வந்துவிடுவதில்லையே. புதிதாகக் கற்பவர் அழகான வகுப்பை எழுதிக் கோப்பில் சேமித்துவிட்டு, வழங்கியில் ஒன்றும் நடக்கவில்லை என்று முறையிடுவார். பிழைச்செய்தியும் வராது, ஏனெனில் பிழை எதுவும் இல்லை. எவரும் அவ்வகுப்பை அழைக்கவில்லை.

அழைத்தும் கிடைக்காதபோது, வகுப்பைக் காணவில்லை என்னும் செய்தி வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பின் பெயரே. என்டிபி என்னும் தொகுதியின் முதன்மை வகுப்பு, அத்தொகுதியின் மேனிஃபெஸ்ட்ஸ் அடைவில் இனிட் என்னும் கோப்பில் இருக்க வேண்டும். என்டிபியின் உள்வகுப்பான கான்ஃபிக், அதே அடைவில் கான்ஃபிக் என்னும் கோப்பில் இருக்க வேண்டும். பப்பெட் பெயரைப் பார்த்தே கோப்பைத் தேடுகிறது. எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்ப்பதில்லை. ஓர் எழுத்து மாறினாலும், பெயரில் அடிக்கோட்டுக்கு மாறாக இடைக்கோடு புகுந்தாலும் கிடைக்காது. தொடக்க எழுத்து சிறிய எழுத்தாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

ஒரு வகுப்பை அறிவிக்க இரு வழிகள் உண்டு. இன்க்ளூட் என்பது ஒன்று. அதை எத்தனை முறை சொன்னாலும் ஒருமுறை சொன்னதாகவே கொள்ளப்படும். மற்றொன்று, வகுப்பின் பெயரோடு அளபுருக்களின் மதிப்புகளையும் சேர்த்து எழுதும் முறை. அதை ஒருமுறைதான் சொல்லலாம். மறுமுறை சொன்னால் இரட்டை அறிவிப்பு என்று தொகுப்பு நின்றுவிடும். இவற்றைக் கலந்து எழுதும்போதுதான் விந்தை நிகழ்கிறது. மதிப்புகளோடு அறிவித்துவிட்டுப் பிறகு இன்க்ளூட் சொன்னால் தொகுப்பு அமைதியாக நடக்கும். முதலில் இன்க்ளூட் சொல்லிவிட்டுப் பிறகு மதிப்புகளோடு அறிவித்தால் பிழை. ஆகவே நேற்று ஓடிய குறிமுறை, இன்று இரு வரிகளின் வரிசை மாறியதால் நின்றுபோகும். இதற்கு நான் கண்ட தீர்வு, எங்கும் இன்க்ளூட் ஒன்றையே ஆள்வதும் மதிப்புகளை ஹியாரா என்னும் தரவுக்கோப்பில் வைப்பதும்தான். மூன்றாம் பதிப்பிலிருந்து வகுப்பின் அளபுருக்களைப் பப்பெட் தானாகவே ஹியாராவில் தேடிக்கொள்கிறது. அங்கே சாவிப்பெயரைத் தவறாக எழுதினால் எச்சரிக்கை வராது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இயல்புமதிப்பு ஓசையின்றி வந்து அமர்ந்துவிடும். 'லுக்கப்' கட்டளையை விளக்கம் கேட்டு இயக்கினால், எந்தக் கோப்பில் எந்தச் சாவியைத் தேடியது, எங்கே கிடைத்தது என்பதை வரிவரியாகச் சொல்லும்.

இப்போது நிபந்தனை. தமிழ் இலக்கணத்தில் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை எதிர்காலத்திற்கு உரியதாகச் சொல்வர். "விருந்தினர் வரின் இலை போடு" என்றால், வருகை இனி நிகழ வேண்டியது. இலை போடுபவர் வாயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பப்பெட்டின் இஃப் என்னும் சொல்லை நாம் 'ஆல்' என்றும் 'இன்' என்றும் மொழிபெயர்த்துப் படிக்கிறோம், அங்கேதான் சறுக்குகிறோம். அந்த இஃப் எதிர்காலத்தை நோக்குவதன்று. முகவர் அனுப்பிய தகவல்களை, அதாவது கடந்துபோன ஒரு கணத்தின் நிலைமையை வைத்துத் தலைமை வழங்கி தீர்த்துவிடுகிறது. சமையற்காரர் பட்டியலை எழுதி முடித்தபின் மண்டபத்தில் எது நேர்ந்தாலும் பட்டியல் மாறாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். ஒருவர் முதலில் தரவுத்தள மென்பொருளை நிறுவச் சொல்கிறார். அடுத்து, "தரவுத்தளத்தின் பதிப்பு இன்னதாக இருந்தால் இந்த அமைப்புக்கோப்பை வை" என்று இஃப் எழுதுகிறார். பதிப்பை அறிவிக்கும் தகவல் நிரலையும் அவரே எழுதியிருக்கிறார். முதற்சுற்றில் மென்பொருள் நிறுவப்பெறும், அமைப்புக்கோப்பு வராது. அரை மணிக்குப் பிறகு அடுத்த சுற்றில் கோப்பும் வந்துவிடும். அவர் காலையில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை" என்று சொல்லப்படும் குறைகளுள் பல இவ்வினத்தவை. நிறைவேற்றும் நேரத்திலேயே வழங்கியில் சோதிக்க வேண்டுமானால், எக்செக் என்னும் கட்டளை வளத்திற்குரிய ஒன்லிஇஃப், அன்லெஸ் என்னும் பண்புகள் உள்ளன. அவை மண்டபத்தில் நிற்பவர் செய்யும் சோதனைகள். இதில் ஒரு பெயர்க்குழப்பமும் உண்டு: குறிமுறையில் இஃப் என்பதற்கு மறுதலையாக அன்லெஸ் என்று எழுதினால் அது தொகுப்பு நேரத்தது, எக்செக்கின் பண்பாக எழுதினால் நிறைவேற்ற நேரத்தது. சொல் ஒன்று, காலம் இரண்டு.

எழுத்துப்பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கருவியே சொல்லிவிடும். எல்ஸிஃப் என்று சேர்த்து எழுத வேண்டியதை எல்ஸ், இஃப் என்று பிரித்து எழுதினால் தொகுப்பு நிற்கும். வேலிடேட் கட்டளை அதை நொடியில் பிடிக்கும். கூச்சலிடும் பிழையால் கெடுவது சிறிது. பேசாத பிழையே கெடுதி.

பேசாத பிழைகளுள் முதலாவது மெய், பொய் பற்றியது. பப்பெட்டின் நான்காம் பதிப்பு 2015இல் வந்தது. அதன்பின், நிபந்தனையில் பொய்யாகக் கொள்ளப்படுபவை இரண்டே: ஃபால்ஸ் என்னும் பொய்ம்மதிப்பு, அன்டெஃப் என்னும் இன்மை. மற்ற யாவும் மெய். சுழியம் மெய்; வெற்றுச்சரமும் மெய். மேற்கோட்குறிகளுக்குள் எழுதிய 'ஃபால்ஸ்' என்னும் சொல்லும் மெய்யே, ஏனெனில் அது பொய்யன்று. பொய் என்னும் சொல்லின் எழுத்துகள். ஹியாராவில் யாரோ பழக்கத்தால் மேற்கோட்குறி இட்டுவிட்டால், "இந்தச் சேவை வேண்டாம்" என்று எழுதியது "வேண்டும்" என்றாகிவிடும். மூன்றாம் பதிப்பில் வெற்றுச்சரம் பொய்யாக இருந்தது. நிலைமைத் தகவல்கள் யாவும் இயல்பாகச் சரங்களாகவே வந்தன. மெய்நிகர்க் கணினியா என்னும் தகவலை மேற்கோட்குறிக்குள் இட்ட 'ட்ரூ' என்னும் சொல்லோடு ஒப்பிட்டுப் பலர் எழுதியிருந்தனர். நான்காம் பதிப்பில் அது உண்மையான மெய்ம்மதிப்பாக வந்தபோது, ஒப்பீடு என்றுமே பொருந்தாதாயிற்று. இதற்கு மருந்து, வகுப்பின் ஒவ்வோர் அளபுருவுக்கும் தரவினத்தை அறிவித்தல். பூலியன் என்று அறிவித்துவிட்டால், சரம் வந்த கணமே தொகுப்பு மறுத்துவிடும். வேலை நின்றுபோகிறதே என்று சிலர் வருந்துவர். நின்றுபோவதே நன்று என்பது என் கருத்து.

இரண்டாவது, எண்போல் தோன்றும் எழுத்து. இயங்குதளத்தின் முதன்மைப் பதிப்பெண் தகவலாக வரும்போது சரமாகவே வருகிறது. அதை எண்ணோடு ஒப்பிட்டால், சரத்தையும் எண்ணையும் ஒப்பிட இயலாது என்று பிழை வரும். உடனே ஒருவர் அந்த எண்ணையும் மேற்கோட்குறிக்குள் இட்டு 'சரிசெய்து'விடுவார். இப்போது இரண்டும் சரங்கள், அகரவரிசையில் ஒப்பிடப்பெறும். அகரவரிசையில் 10 என்பது 9க்கு முன்னே வரும், அதன் முதலெழுத்து 1 என்பதால். ஆகவே "8 அல்லது அதற்கு மேல்" என்று எழுதிய நிபந்தனை 8க்கும் 9க்கும் பொருந்தி, 10க்குப் பொருந்தாமற் போகும். இது கற்பனையன்று. டெபியன் 10 வெளிவந்தது 2019 ஜூலையில். ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 வெளிவந்தது 2025 மே மாதத்தில். ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடிய குறிமுறை, இயங்குதளத்தின் எண் ஈரிலக்கமானவுடன் வழிமாறும். வெர்ஷன்கம்ப் என்னும் செயற்கூறு பதிப்பெண்களைப் பதிப்பெண்களாகவே ஒப்பிடும், அதை ஆள்க.

மூன்றாவது, எவ்வழியும் பொருந்தாத நிலை. பல வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் பப்பெட்டில் இரு கட்டுமானங்கள் உண்டு. செலக்டர் என்பது மதிப்பைத் தெரிந்தெடுப்பது; எதுவும் பொருந்தாவிட்டால், டிஃபால்ட் என்னும் இறுதிவழியும் இல்லாவிட்டால், தொகுப்பைப் பிழையோடு நிறுத்திவிடும். கேஸ் என்பது குறிமுறைப் பகுதியைத் தெரிந்தெடுப்பது. எதுவும் பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்யாமல் கடந்து போய்விடும். உடன்பிறந்தவர் இருவருள் ஒருவர் வாயாடி, மற்றவர் ஊமை. இந்த ஊமைதான் எங்களை வீழ்த்தியது.

எங்கள் குறிமுறையில் காப்புநகல் எடுக்கும் வகுப்பு ஒரு கேஸுக்குள் இருந்தது. இயங்குதளக் குடும்பம் ரெட்ஹேட் என்றால் ஒரு வகுப்பு. டெபியன் என்றால் வேறொரு வகுப்பு. வேறு குடும்பம் எங்களிடம் இல்லை என்பதால் டிஃபால்ட் எழுதப்பெறவில்லை. எழுதியவன் நானே. 2023இல் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. சில மாதங்கள் கழித்து நாங்களும் அதற்கு மாறினோம். மாறிய அன்று எல்லா வழங்கிகளும் பிழையின்றிச் சுற்றை முடித்தன. நாங்கள் மகிழ்ந்தோம்.

வட்டு பழுதான அன்று நான் செய்த முதல் தவறு, பழைய வழங்கி ஒன்றைத் திறந்து பார்த்தது. அதில் இரவு 2 மணிக்குரிய க்ரான் பதிவு இருந்தது. பப்பெட் தான் எழுதும் க்ரான் பதிவின் மேலே, இது பப்பெட் இட்டது என்று ஒரு குறிப்புவரியை எழுதிவைக்கும். அந்த வரியும் இருந்தது. நகல்களும் நாள்தோறும் வந்திருந்தன. ஆகவே வகுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, புதிய வழங்கிகளில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அவற்றின் வலையமைப்பையும் சான்றிதழ்களையும் ஆராய்ந்து நான்கு மணி நேரத்தை வீணாக்கினேன்.

உண்மையைக் காட்டியது ஒரு சிறிய கோப்பு. தனக்கு வந்த பட்டியலில் எந்தெந்த வகுப்புகள் இருந்தன என்பதை முகவர் ஒவ்வொரு சுற்றிலும் கிளாஸஸ் என்னும் உரைக்கோப்பில் எழுதிவைக்கிறது. புதிய வழங்கியின் கோப்பில் காப்புநகல் வகுப்பு இல்லை, அதை எதிர்பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று பழைய வழங்கியின் கோப்பையும் திறந்தேன். அதிலும் இல்லை. இருபத்தாறு வழங்கிகளில் ஒன்றின் பட்டியலிலும் அவ்வகுப்பு இல்லை.

அப்படியாயின் பழைய வழங்கிகளில் நகல் எடுத்தது யார்? மீண்டும் மண்டபத்திற்கு வருகிறேன். நேற்றைய பட்டியலில் தோரணம் கட்டச் சொல்லியிருந்தது, உதவியாளர் கட்டினார். இன்றைய பட்டியலில் தோரணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. உதவியாளர் தோரணத்தை அவிழ்ப்பதில்லை. "அவிழ்" என்றும் பட்டியல் சொல்லவில்லையே. பப்பெட், பட்டியலில் உள்ளதைப் பேணும். பட்டியலிலிருந்து விடுபட்டதை, அழிக்கச் சொன்னாலன்றி அழிக்காது. மாற்றத்திற்கு முன் எழுதப்பெற்ற க்ரான் பதிவுகள் 19 பழைய வழங்கிகளிலும் கேட்பாரற்றுத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. மாற்றத்திற்குப் பின் அமைத்த 7 வழங்கிகளில் அவை என்றுமே எழுதப்பெறவில்லை.

மூலகாரணம் ஒரு பெயர். இயங்குதளக் குடும்பத்தைக் குறிக்க முற்காலத்தில் ஓஎஸ்ஃபேமிலி என்னும் ஒற்றைச்சொல் தகவல் இருந்தது. பின்னர் அது ஓஎஸ் என்னும் தொகுப்புத் தகவலுக்குள் ஃபேமிலி என்னும் உறுப்பாக அமைந்தது. நெடுங்காலம் இரண்டும் சேர்ந்தே வந்தன. எட்டாம் பதிப்பில் பழைய ஒற்றைச்சொல் தகவல்களை இயல்பாக அனுப்புவது நிறுத்தப்பெற்றது. எங்கள் கேஸ், ஃபேக்ட்ஸ் என்னும் தகவல் தொகுப்பில் ஓஎஸ்ஃபேமிலி என்னும் சாவியைக் கேட்டது. இல்லாத சாவியைக் கேட்டால் கிடைப்பது இன்மை. இன்மை ரெட்ஹேட்டும் அன்று, டெபியனும் அன்று. டிஃபால்ட் இல்லை. ஒன்றும் நிகழவில்லை.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்றுண்டு. அதே பழைய தகவலை, தொகுப்பின் சாவியாகக் கேட்காமல் நேரடி மாறிலியாக நான் எழுதியிருந்தால், எட்டாம் பதிப்பு அறியாத மாறிலி என்று தொகுப்பையே நிறுத்தியிருக்கும். ஏனெனில் அப்பதிப்பில் அக்கண்டிப்பு இயல்பானது. தொகுப்பின் சாவியாகக் கேட்பதே நல்ல நடை என்று கற்று, அவ்வாறே திருத்தி எழுதினேன். திருத்தத்தைப் பாதியில் விட்டதால் கூச்சலிடும் பிழையை ஊமைப்பிழையாக மாற்றிக்கொண்டேன்.

சோதனைகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. தொகுத்த பட்டியலில் இன்ன வகுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்ஸ்பெக்-பப்பெட் சோதனை ஒன்று அந்த வகுப்புக்கே இருந்தது, வெற்றியும் பெற்றுக்கொண்டிருந்தது. சோதனைக்கு வேண்டிய நிலைமைத் தகவல்களை நாங்கள் கையால் எழுதிக் கொடுத்திருந்தோம். அதில் ஓஎஸ்ஃபேமிலி என்று பழைய பெயரையே எழுதியிருந்தோம். வினாத்தாளை எழுதியவரே விடையையும் எழுதிய தேர்வு அது. செய்து பார்க்காமலே சொல்லச் சொல்லும் நோஆப் ஓட்டமும் உதவவில்லை. அது பட்டியலில் உள்ளவற்றுள் எவை மாறும் என்பதைச் சொல்லும். பட்டியலில் இல்லாததைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

இப்போது நான் பிழை தேடும் முறை அவ்வனுபவத்தால் மாறியிருக்கிறது. ஒரு வகுப்பு வேலை செய்யவில்லை என்று யாரேனும் சொன்னால், வழங்கியில் விளைவைப் பார்ப்பதற்கு முன் கிளாஸஸ் கோப்பைப் பார்க்கிறேன். வகுப்பு அங்கே இருந்தால், கோளாறு நிறைவேற்றத்தில். இல்லையானால் தொகுப்பிலோ தகவலிலோதான். வழங்கியைக் குடைந்து பயனில்லை. அடுத்து, நிபந்தனைக்கு முந்திய வரியில் நோட்டிஸ் என்னும் செயற்கூற்றை இட்டு, ஒப்பிடப்படும் மதிப்பையும் அதன் தரவினத்தையும் தலைமை வழங்கியின் பதிவேட்டில் எழுதச் செய்கிறேன். மதிப்பு கண்ணுக்குச் சரியாகத் தோன்றும்போதுதான் தரவினத்தைக் கேட்க வேண்டும். மேற்கோட்குறியிட்ட பொய்யும் உண்மைப் பொய்யும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு, வழங்கியிலேயே ஃபேக்ட்ஸ் கட்டளையை இயக்கி, நான் கேட்கும் பெயரில் தகவல் வருகிறதா என்று பார்க்கிறேன். இது இரண்டு நிமிட வேலை. அன்று இதைச் செய்திருந்தால் நான்கு மணி நேரம் மிஞ்சியிருக்கும். மாறிலிகளைப் பற்றியும் ஒரு சொல்: இஃப்பின் அடைப்புக்குறி தனி எல்லையை உண்டாக்குவதில்லை, உள்ளே இட்ட மதிப்பு வெளியிலும் தெரியும். ஆனால் அவ்வழி செல்லாதபோது அம்மாறிலியே பிறப்பதில்லை. ஆகவே, இஃப் முழுவதையும் ஒரு மதிப்பாகக் கொண்டு மாறிலிக்கு இடுவதையே விரும்புகிறேன். நான்காம் பதிப்பு முதல் அதற்கு இடமுண்டு.

எங்கள் குறிமுறையில் இருந்த கேஸ்கள் எல்லாவற்றையும் அவ்வாரம் தேடி எடுத்தோம். டிஃபால்ட் இல்லாதவை முப்பதுக்கு மேல் இருந்தன. சிலவற்றில் ஒன்றும் செய்யாமலிருப்பதே எங்கள் கருத்து. அங்கே வெறுமையான டிஃபால்ட் எழுதி, ஏன் வெறுமை என்று ஒரு வரிக் குறிப்பும் இட்டோம். மற்றவற்றில் டிஃபால்ட்டுக்குள் ஃபெயில் என்னும் செயற்கூற்றை இட்டு, "இந்த இயங்குதளக் குடும்பத்தை நான் அறியேன்" என்று வந்த மதிப்பையும் சேர்த்துச் சொல்லி நிற்கச் செய்தோம். பழைய தகவற்பெயர்களைச் சுட்டிக்காட்டும் பப்பெட்-லின்ட் சோதனையையும் சேர்த்துக்கொண்டோம். நகல் எடுக்கப்பெறுகிறதா என்பதைப் பப்பெட்டிடம் கேட்பதை விட்டு, நகல் வந்துசேரும் இடத்திலேயே, எந்த வழங்கியிலிருந்து இன்று எதுவும் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கும் தனிநிரல் ஒன்றை எழுதினோம். அதற்குரிய வழங்கிப் பட்டியலைப் பப்பெட்டிலிருந்து எடுக்கவில்லை. கையால் எழுதி வைத்தோம்.

பழுதான வட்டில் 14 ஒலிப்பதிவுகள் இருந்தன. பத்துப் பதிவுகள் ஒலிப்பதிவுக் கருவியின் நினைவட்டையில் அழிக்கப்படாமல் கிடந்தன. நான்கு கிடைக்கவில்லை. அந்த நால்வருள் மூவரைத் தொண்டர்கள் மீண்டும் சென்று கண்டு பதிவு செய்தனர். நான்காமவர் ஒரு மூதாட்டி. நாங்கள் தேடிப் போவதற்கு இரு வாரங்களுக்கு முன் காலமாகியிருந்தார். பதிவு செய்த பெண் தம் கைக்குறிப்பேட்டிலிருந்து நினைவுக்கு வந்தவற்றை எழுதிக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். அது இப்போது அவ்வமைப்பின் தொகுப்பில் அவர் பெயரின் கீழ் இருக்கிறது. ஒலிக்கோப்பு இருக்க வேண்டிய கட்டம் நிரப்பப்படாமல் உள்ளது.